இஸ்திரி போட்ட கிடார்

நீங்கள் எப்போதாவது ஒரு கிடாருக்கு இஸ்திரி போட்டிருக்கிறீர்களா?

நான் போட்டிருக்கிறேன். ஈரத் துண்டை விரித்து, அதன் மேல் அயர்ன் பாக்ஸை வைத்து, சட்டைக் காலரைத் தேய்ப்பதுபோல அழுத்தி... சொல்லும்போதே இது எங்கே போய் முடிந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? எனக்குத்தான் அன்றைக்குத் தெரியவில்லை.

கிடார் என்னுடையதாக இருந்திருந்தாலாவது பரவாயில்லை. அதுவும் இல்லை. என் மனைவி ஜெசியுடையது.

ஜெசி கணக்கு டீச்சர். அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுப்பவர் பிலோமினா. விளாங்குடியில் எங்களுக்கு அடுத்த தெரு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இரண்டு பேரும் சிநேகிதிகள். கோயில் பாடகர் குழுவில் இவள் கிடார் வாசிப்பாள், அவர் பாடுவார். அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், கட்டுக் கட்டாக விடைத்தாள்கள்... கிடார் லாஃப்டுக்குப் போய்விட்டது. பிலோவின் பாட்டு மட்டும் எங்கும் போகவில்லை. வகுப்பில் செய்யுளைக்கூட ராகம் போட்டுத்தான் நடத்துவார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் பிலோ வீட்டுக்கு வந்தார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, யாரோ மூன்றாவது மனுஷிக்கு நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். கழுத்தில் தைராய்டு கட்டி. பயப்படும்படி ஒன்றும் இல்லையாம். ஆனால் ஆபரேஷன் செய்து எடுத்தாக வேண்டுமாம். அந்த இடத்தை ஒட்டித்தான் குரலுக்கான நரம்பு ஓடுகிறதாம்.

"அநேகமா ஒண்ணும் ஆகாதுன்னுதான் டாக்டர் சொல்றார். கொஞ்ச நாள் கரகரன்னு இருக்கும், அப்புறம் சரியாயிருமாம். ஆனா அந்த 'அநேகமா' இருக்கு பாரு ஜெசி... மனசுக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது."

ஜெசி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இந்த மாதிரி நேரங்களில் என்ன செய்வேனோ அதைச் செய்தேன் — பிஸ்கட் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தேன்.

"ஆபரேஷனுக்கு முன்னால, வர்ற ஞாயித்துக்கெழம அன்பியம் என் வீட்லதான்" என்றார் பிலோ. எங்கள் பகுதி கத்தோலிக்க வீடுகள் ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபிப்பதற்கு அன்பியம் என்று பெயர். "அன்னைக்கு நம்ம மாதா பாட்டை ஒரு தடவ பாடிரணும். நீ வாசிக்கணும்."

மாதா பாட்டு என்பது அவர்கள் இருவருமே அந்தக் காலத்தில் எழுதி மெட்டுப் போட்டது. வேறு யாருக்கும் அதை வாசிக்கத் தெரியாது.

"நான் வாசிச்சு எம்புட்டு வருஷமாச்சு பிலோ! விரலெல்லாம் சாக்பீஸாட்டம் ஆயிருச்சு. கீபோர்டு வாசிக்கிற தம்பியக் கூப்பிடுவோமா?"

"நீதான் வாசிக்கணும். அந்தக் கிடார்லதான் வாசிக்கணும்."

அவர் போனதும் நான் ஸ்டூல் போட்டு ஏறி, லாஃப்டிலிருந்து கிடாரை இறக்கினேன். உறையைப் பிரித்த ஜெசி "அய்யோ" என்றாள்.

கிடாரின் கழுத்து வளைந்திருந்தது. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற லாஃப்ட் அது. மதுரை வெயில் மேலிருந்து வறுக்க, முறுக்கிவிட்ட கம்பிகள் கழுத்தை முன்பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. இப்போது கம்பிகளுக்கும் விரல் வைக்கிற பலகைக்கும் நடுவில் என் சுண்டுவிரலே போய் வந்தது. அழுத்தினால் விரல்தான் அறுபடும், சத்தம் வராது.

"டவுன் ஹால் ரோட்ல மியூசிக் கடை இருக்கே, நாளைக்கே குடுத்துருங்க" என்றாள் ஜெசி.

நல்ல யோசனை. எளிய யோசனை. அப்படியே செய்திருந்தால் இந்த வாரப் பத்தியில் உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

"இதுக்கு எதுக்குக் கடை? நானே பாத்துக்கிறேன்."

ஜெசி என்னைப் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தாள். அங்கே நான் ரிப்பேர் செய்த குழாய் ஒன்று இருக்கிறது. அதைத் திறப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஓர் அடி தள்ளி நின்றுகொள்வோம். விருந்தாளிகளுக்கும் சொல்லிவிடுவோம்.

ஆனாலும் அவள் தடுக்கவில்லை. பிலோவின் நினைப்பாகவே இருந்தாள்.

மறுநாள் ஜெசி பள்ளிக்குப் போனதும் வேலையில் இறங்கினேன். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குப் பகல் முழுவதும் நேரம். அதுதான் ஆபத்து. முதலில் வீடியோக்கள் பார்த்தேன். கிடார் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி இருக்கும், அதன் நுனியில் ஒரு திருகு இருக்கும், ஆலன் கீ என்கிற வளைந்த சாவியைப் போட்டு லேசாகத் திருகினால் கழுத்து நிமிர்ந்துவிடும் என்று சிரித்த முகத்தோடு ஒருவர் விளக்கினார். கேட்கவே நன்றாக இருந்தது.

எங்கள் கிடாரில் அந்தத் திருகு இல்லை. இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஓட்டைக்குள் கையை விட்டு ரொம்ப நேரம் துழாவினேன். துழாவியதில் ஆலன் கீ உள்ளே விழுந்துவிட்டது. கிடாரைத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்கினேன். ஆலன் கீயும் வந்தது, கூடவே நாலைந்து பல்லி முட்டை ஓடுகளும் வந்தன.

இங்கேயாவது நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்களா? நான் சேகருக்குப் போன் செய்தேன்.

சேகர் என் நண்பன். கப்பலூரில் சின்னதாக ஒரு கம்பெனி வைத்திருக்கிறான். பள்ளிக்கூட பெஞ்சுகளுக்கு இரும்புக் குழாய் வளைத்துக் கொடுக்கிற வேலை. உலகத்தில் எது வளைந்திருந்தாலும் நிமிர்த்தலாம், எது நிமிர்ந்திருந்தாலும் வளைக்கலாம் என்று நம்புகிறவன். மத்தியானமே வந்துவிட்டான். கிடாரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தான்.

"இம்புட்டுத்தானா மாப்ள? நான் ரெண்டு இஞ்சு பைப்பையே நிமித்துறவன். இது மரம். சூடு காட்டுனா சொன்னபடி கேக்கும்."

"எரிஞ்சுறாதே?"

"அடுப்புலயா வைக்கப் போறோம்? தங்கச்சி அயர்ன் பாக்ஸ் எங்க?"

கம்பிகளைக் கழற்றினோம். கழுத்துக்குப் பின்னால் அவன் கொண்டுவந்த சதுர இரும்புக் குழாயை வைத்து, முன்னால் ஈரத் துண்டைப் போட்டு, தேய்க்க ஆரம்பித்தோம். நான் தேய்த்தேன், சேகர் தண்ணீர் தெளித்தான். புஸ்ஸென்று ஆவி வந்தது. பழைய வார்னிஷ் வாசனை வீடெல்லாம் பரவியது. மரம் கையைச் சுட ஆரம்பித்ததும், அவனுடைய கிளாம்புகளைப் போட்டு, கழுத்தை எதிர்ப்பக்கமாக இறுக்கினோம். ஒவ்வொரு திருகலுக்கும் மரம் மெல்ல முனகியது. எங்கள் காதில் அது சம்மதம் சொல்வதுபோல விழுந்தது.

ஜெசி கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் ஆறவிட்டு, மறுநாள் அவள் பள்ளிக்குப் போனதும் கிளாம்பைக் கழற்றினால்... கழுத்து நேராக இருந்தது! ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். நேர்.

அடுத்து நான் என்ன செய்திருக்க வேண்டும்? கம்பி மாட்டி வாசித்துப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். 'முயன்றால் முடியும்' என்று ஒரு வரி வேறு.

எதையாவது ரிப்பேர் செய்ய உட்காருகிற ஆம்பளைக்கு இரண்டு ஆசை உண்டு. ஒன்று, பொருள் சரியாக வேண்டும். இன்னொன்று, அதை நாலு பேர் பார்க்க வேண்டும். முதலாவது நடக்கிற வரைக்கும் இரண்டாவதால் காத்திருக்க முடிவதில்லை. என் ஸ்டேட்டஸுக்குக் கைதட்டல்கள் குவிந்தன. ஒருவர் தன்னுடைய தையல் மெஷினைக் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தார்.

மத்தியானம் புதுக் கம்பிகளை மாட்டி, மொபைலில் சுருதி பார்த்து ஒவ்வொன்றாக முறுக்கினேன். கடைசிக் கம்பியை முறுக்கிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம்.

திரும்பி வந்து பார்த்தால், கழுத்து பழையபடி வளைந்துகொண்டிருந்தது. அது மட்டுமில்லை. நாங்கள் காட்டிய சூட்டில் பழைய பசை இளகி, விரல் பலகையின் அடிநுனி மரத்தைவிட்டுப் பிரிந்து, காய்ந்த வாழைப்பட்டையாட்டம் வாயைப் பிளந்து நின்றது. பலகையில் இருந்த வெள்ளைப் புள்ளிகளில் ஒன்று உருகிச் சப்பையாகியிருந்தது.

சேகருக்குப் போன் செய்தேன். "மரம் சரியில்ல மாப்ள" என்றான்.

சாயங்காலம் ஜெசி வந்தாள். கிடாரைப் பார்த்தாள். அயர்ன் பாக்ஸைத் திருப்பி, அதன் அடியில் ஒட்டியிருந்த கறுப்பு வார்னிஷைப் பார்த்தாள். நான் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன்... மரத்தின் தன்மை, ஈரப்பதம், சேகர். அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். கத்தவில்லை.

"கிடார் சரியாகணும்கிறது உங்களுக்கு முக்கியமில்லங்க. நீங்க சரிபண்ணுனதா இருக்கணும், அதுதான் முக்கியம்" என்றாள். "பிலோவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? அவ கேட்டதே இது ஒண்ணுதான்."

எங்கள் வீட்டில் நான் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறேன். இந்த மாதிரிச் சரியாக வாங்கியதில்லை. 

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே கிடாரோடு டவுன் ஹால் ரோட்டில் நின்றேன். கடைக்காரர் கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பலகையக் கழட்டி, கழுத்த நிமித்தி, மறுபடி ஒட்டணும் சார். மாசக் கடைசி ஆயிரும்."

"ஞாயித்துக்கெழம வேணுமே?"

"முடியாது சார். ஆமா, இதுக்கு யாரு சூடு காட்டுனது?"

"என் ஃப்ரெண்டு ஒருத்தன். கப்பலூர்ல இருக்கான்" என்றேன். சேகர் மன்னிப்பானாக.

பிரிந்திருந்த இடத்தில் மட்டும் பசை வைத்து ஒட்டிக் கொடுத்தார். வரும் வழியில் கோயில் இளைஞர் குழுவில் கெஞ்சி, ஒரு புதுக் கிடாரை இரவல் வாங்கிக்கொண்டேன். பைக்கில் முன்னால் ஒன்று, முதுகில் ஒன்று. சிக்னலில் நின்றிருந்த ஒருவர் "அண்ணே, கச்சேரி எங்க?" என்று கேட்டார். பச்சை விழுந்ததும் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஜெசி அந்தப் பழைய கிடாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். உள்ளே போகத் தைரியமில்லை. அவள் எல்லாக் கம்பிகளையும் தளர்த்தினாள். மூன்று கம்பிகளைச் சேர்த்து அழுத்தி மீட்டிப் பார்த்தாள். இன்னும் தளர்த்தினாள். கம்பிகளின் இழுவை குறையக் குறைய, கழுத்து கொஞ்சம் பின்னால் தளர்ந்து உட்கார்ந்தது. தலைப்பக்கம் இருக்கிற முதல் சில கட்டங்களில் விரல் அழுந்தியது. சத்தமும் வந்தது — கனமாக, அடித்தொண்டையில் பேசுவதுபோல.

"மேல ஏத்துனா மறுபடி வளைஞ்சுரும்" என்றாள், என்னைப் பார்க்காமலே. "இந்தச் சுதியில வேணா வாசிக்கலாம். ஆனா இது ரெம்பக் கீழ. பிலோவோட பாட்டு எங்க, இது எங்க?"

மூன்று நாட்களில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. சுருதியைப் பற்றியதாக இருந்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிலோ வீட்டு ஹால் நிறைந்திருந்தது. பாய் போதாமல் சிலர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கிடார்களையும் கொண்டுபோயிருந்தோம். ஜெசி நடந்ததை ஒளிக்கவில்லை. அயர்ன் பாக்ஸ் உட்பட எல்லாவற்றையும் பிலோவிடம் சொல்லிவிட்டாள். பிலோ என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அதுக்கும் கழுத்துல கோளாறு, எனக்கும் கழுத்துல கோளாறு. நல்லவேள அண்ணே, எனக்கு வைத்தியம் பாக்க நீங்க வரல!"

"இந்தப் புதுசுல வாசிக்கிறேன் பிலோ. நம்ம பழைய சுதிக்கே வச்சிருக்கேன்" என்றாள் ஜெசி.

பிலோ புதுக் கிடாரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அத உள்ள வை. இதுலயே வாசி."

"இது ரெம்பக் கீழ இருக்குப்பா."

"இருக்கட்டும். வாசி."

ஜெசி வாசித்தாள். விரல்கள் கொஞ்சம் தடுமாறின. ஒரு கம்பி இடையிடையே 'ஜிர்ர்' என்றது. அது என் கைவேலை என்று எனக்கு மட்டும் தெரியும்... இல்லை, எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பிலோ கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

நான் அந்தப் பாட்டைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பிலோ அதை எப்போதும் வானத்தைப் பார்த்து வீசுவதுபோலப் பாடுவார். அன்றைக்கு அப்படி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் பேசுவதுபோல இருந்தது. இரண்டாவது சரணத்தில் மேலே ஏறுகிற ஓர் இடம் உண்டு. அங்கே வந்தபோது ஜெசி தலையைத் தூக்கிச் சிநேகிதியின் முகத்தைப் பார்த்தாள். குரல் ஏறியது, நின்றது, நிதானமாக இறங்கி வந்தது. பிலோவின் கணவர் அருள், சுவரில் சாய்ந்து நின்றவர், மெதுவாகப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. 

அப்புறம் சமையலறையில், டீ போட்டுக்கொண்டே பிலோ எங்களிடம் சொன்னார். "அந்த மேல் எடம் இப்ப கொஞ்ச காலமாவே எனக்கு வரல ஜெசி. கோயில்ல அந்த மாதிரி எடம் வந்தா வாய மட்டும் அசைச்சுட்டு நிப்பேன். யார்ட்டயும் சொல்லல. இன்னைக்கு எல்லார் முன்னாலயும் உடைஞ்சுருவேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். கேட்டது நான்தான், எப்படி வேணாம்னு சொல்றது? நீ கீழ ஆரம்பிச்சதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

ஜெசி அப்படியே அவரைக் கட்டிக்கொண்டாள். டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. நான்தான் அணைத்தேன். அந்த வாரத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம்.

ஹாலுக்கு வந்தால், அன்பியத் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், அந்தம்மா ஒடம்புநெல தெரிஞ்சு சுதிய எறக்கி வச்சிருக்கீங்க பாருங்க... பெரிய மனசு சார் உங்களுக்கு!"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் என் தலை தானாக அடக்கத்தோடு ஒரு பக்கம் சாய்ந்தது. வாய், "நம்மளால முடிஞ்சது" என்றது. பக்கத்தில் நின்ற ஜெசி என் கால் கட்டை விரலைத் தேடிப் பிடித்து மிதித்தாள்.

அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார். குரலைப் பற்றி மட்டும், போகப் போகத் தெரியும் என்று சொல்லிவிட்டார். முதல் நாள் பிலோ பேசவில்லை. எல்லாவற்றுக்கும் கையை ஆட்டினார். மறுநாள் நானும் ஜெசியும் போனோம். மெதுவாகப் பேசிப் பார்க்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாராம். ஆனால் பிலோ வாயைத் திறக்கவில்லை. திறந்து பார்த்து ஒன்றும் வராவிட்டால்? அந்தப் பயம் அவர் கண்ணிலேயே இருந்தது. 'பேசு' என்று சொல்ல அருளுக்கும் தைரியமில்லை, ஜெசிக்கும் தைரியமில்லை. 

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. பிஸ்கட் தட்டும் அங்கே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தபோது, கட்டில் கால்மாட்டில் இருந்த கைப்பிடி கண்ணில் பட்டது. தலைமாட்டை உயர்த்தி இறக்குகிற கைப்பிடி. லேசாகக் கோணியிருந்தது. மரை கழன்றிருக்கும்போல. குனிந்து, அதைப் பிடிக்க ஒரு கையை நீட்டி...

"அண்ணே!"

கரகரத்துத்தான் இருந்தது. ஆனால் பிலோவின் குரல்தான். சந்தேகமே இல்லை.

"அதத் தொடாதீங்க!"

தொடவில்லை.